நிமிடத்துக்கு 132

எலக்ட்ரானிக் இசை செய்ய உட்கார்ந்த எல்லோருடைய கணினியிலும் ஒரு பரண் இருக்கும். அதில் 'புதுசு 1', 'புதுசு 2', 'கடைசி', 'இதுதான் கடைசி' என்ற பெயர்களில் கோப்புகள் கிடக்கும். எதைத் திறந்தாலும் எட்டு பார் நீளம்தான். பார் என்பது பெரும்பாலும் நான்கு தட்டுகள் கொண்ட ஒரு சுற்று, நம் ஆவர்த்தனம் மாதிரி. எட்டு பார் முடிந்ததும் மறுபடி முதலில் இருந்து ஓடும். இரவு பதினோரு மணிக்கு அதைக் கேட்டால் உலகத்தையே ஜெயித்துவிட்ட மாதிரி இருக்கும். காலையில் பல் விளக்கிவிட்டு வந்து கேட்டால், யாரோ ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பது போல இருக்கும்.

என் பரணில் அப்படி 41 கோப்புகள் இருந்தன. 42ஆவது கோப்பு ஐந்து நிமிடம் ஓடியது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் தறியைப் பற்றியும் என் அப்பாவின் காதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

*

ஆரம்பிக்கிறவர்களுக்கு முதலில் ஒரு நல்ல செய்தி. இதற்குப் பணம் வேண்டாம். எனக்கு ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிற வேலை. கையில் இருந்தது நான்கு ஜிபி ராம் கொண்ட பழைய லேப்டாப். எல்எம்எம்எஸ் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, முழுக்க இலவசம். கூட ஒரு ஹெட்போன் இருந்தால் போதும். கீபோர்டு வாசிக்கத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. சுரங்களைத் திரையில் கட்டம் கட்டமாக மவுஸால் வரையலாம்.

அதைத் திறந்தால் தாள வரிசையில் பதினாறு சிறிய கட்டங்கள் தெரியும். ஒரு பாரைப் பதினாறு துண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள். 1, 5, 9, 13 ஆகிய கட்டங்களை அழுத்தி கிக் டிரம் வைத்தால் தும், தும், தும், தும். 5லும் 13லும் ஒரு கைதட்டல். நடுவில் 3, 7, 11, 15இல் ஹை-ஹாட், அந்த 'ட்ஸ்' சத்தம். அவ்வளவுதான், ஹவுஸ் இசையின் எலும்புக்கூடு தயார். முதல் தடவை இதைச் செய்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு நாளாகக் கோயில் திருவிழாவில் ஸ்பீக்கர் கட்டி அதிரவிட்ட ரீமிக்ஸ்களுக்குள் இருந்தது இந்தப் பன்னிரண்டு காலிக் கட்டங்களும் நான்கு நிரம்பிய கட்டங்களும்தானா?

இந்தப் பதினாறு கட்ட வரிசையை உலகத்துக்குப் பழக்கியவற்றில் முக்கியமானது ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் கொண்டுவந்த டிஆர்-808 தாள இயந்திரம். அதில் பதினாறு பொத்தான்கள் வரிசையாக இருக்கும். அடுத்த வருடமே டிபி-303 வந்தது. தனியாகப் பயிற்சி செய்கிற கிட்டார்காரர்களுக்குப் பக்கத்தில் பேஸ் வாசிக்க என்று செய்த சின்னப் பெட்டி. நிஜ பேஸ் கிட்டார் மாதிரி அது ஒலிக்கவே இல்லை, அதனால் விலைபோகவில்லை. 1984இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அடிமாட்டு விலைக்குப் பழைய பொருள் கடைகளில் கிடந்ததை சிகாகோ இளைஞர்கள் வாங்கி, எந்த நோக்கத்துக்குச் செய்தார்களோ அதற்கு விரோதமாகத் திருகித் திருகி, ஆசிட் ஹவுஸ் என்று ஒரு இசையையே பிறக்க வைத்தார்கள். ஃபியூச்சர் குழுவின் 'ஆசிட் ட்ராக்ஸ்' 1987இல் வெளிவந்தது. அதற்கும் ஐந்து வருடம் முன்னால், 1982இல், பம்பாயில் சினிமாவுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் அதே 303ஐயும் 808ஐயும் வைத்து பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்திருக்கிறார். அன்றைக்கு யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோது கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஒரு தைரியம் வந்தது. நம்மிடம் இருக்கிற ராகத்தையும் கையில் கிடைத்த பெட்டியையும் வைத்துக்கொண்டு யாருடைய அனுமதியும் கேட்காமல் தொடங்கலாம்.

*

எல்எம்எம்எஸ்ஸில் புதுக் கோப்பு திறந்தால் வேகம் 140 என்று இருக்கும். நிமிடத்துக்கு 140 தட்டு. அதை என்ன செய்வது என்று தெரியாமல் ரொம்ப நாள் அப்படியே விட்டிருந்தேன். ஒரு மத்தியானம் குமாரபாளையத்தில் எங்கள் தெரு வழியே நடந்து வரும்போது பக்கத்துத் தறிக்கூடத்தின் சத்தத்துக்குக் கால் தானாக ஒத்துப்போனது. நின்று, செல்போனில் நேரம் வைத்து எண்ணினேன். நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஒருமுறை ஓடினால் ஒரு ஊடை. ஒரு நிமிடத்துக்கு 132.

ஆடுவதற்கென்று செய்யப்படும் டெக்னோ பெரும்பாலும் 120க்கும் 150க்கும் நடுவில் எங்கேயோதான் ஓடும். எங்கள் ஊர் சாதா விசைத்தறியும் கிட்டத்தட்ட அந்த வரம்பில்தான் ஓடுகிறது. இதில் மாயம் எதுவும் இல்லை. ஒரு கட்டை எவ்வளவு வேகமாக அடித்துத் திரும்ப முடியும் என்பதற்கும், மனித உடம்பு எவ்வளவு வேகமாகக் குதித்துத் திரும்ப முடியும் என்பதற்கும் எல்லைகள் இருக்கின்றன. அவை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வந்து விழுந்திருக்கின்றன. டெக்னோ பிறந்த டெட்ராய்ட்டும் கார்த் தொழிற்சாலைகளின் ஊர்தான். ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் அந்த ஊரை ஒட்டிய பெல்வில் என்ற சிற்றூரில் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். ஆலைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கிய நகரத்தில் இருந்துதான் இயந்திரம் போலத் துடிக்கிற அந்த இசை வந்தது.

அன்றைக்கு ராத்திரி 140ஐ 132 ஆக மாற்றினேன். மறுநாள், தெரிந்தவர் தறிக்கூடத்தில் கேட்டுக்கொண்டு போய் செல்போனில் பதிவு செய்தேன். எல்எம்எம்எஸ்ஸில் நேரடியாகக் குரலோ சத்தமோ பதிவு செய்ய வழி இல்லை. ஆடாசிட்டி என்கிற இன்னொரு இலவச மென்பொருளில் போட்டு வெட்டி, துண்டுகளாகக் கொண்டுவர வேண்டும். நாடாவை அடிக்கிற கட்டையின் 'டக்' ஒரு துண்டு. அச்சு வந்து ஊடையை இடிக்கிற கனத்த சத்தம் ஒரு துண்டு. பெல்ட்டின் இரைச்சல் ஒரு துண்டு. கட்டங்களில் வைத்து ஓடவிட்டேன்.

எங்கள் வீடு இரண்டு அறை. ஹெட்போன் ஒயர் அறுந்திருந்ததால் ஸ்பீக்கரில்தான் கேட்டேன். அம்மா அடுப்படியில் இருந்து வந்து கதவோரம் நின்றார்.

"என்ன கண்ணு இது?"

"தறிங்கம்மா. பாட்டு பண்ணலாம்னு."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னது இது: "இந்தச் சத்தத்துல இருந்து உன்னைய வெளிய கொண்டாரத்தான் உங்கப்பா காதையே குடுத்தாரு. நீ அதையே திரும்ப ஊட்டுக்குள்ள கொண்டாந்து வெக்கறயே."

*

அப்பா 27 வருடம் தறி ஓட்டினார். ஒரே ஆள் ஆறு தறி. 12 மணி நேர ஷிப்டு, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. நான் பதிவு செய்யப் போன கூடத்தில் செல்போன் செயலி 94 டெசிபல் காட்டியது. தொழிலிடங்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் பாதுகாப்புக் கணக்கு இப்படி: 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு ஒரே ஒரு மணி நேரம். ஒரு மணிக்கு மேல் இருக்கக் கூடாத இடத்தில் பன்னிரண்டு மணி நேரம்.

காது டெஸ்ட் எடுத்த தாள் வீட்டில் இருக்கிறது. இசை செய்யத் தொடங்கிய பிறகுதான் அந்தத் தாள் எனக்குப் படிக்கக் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். இடமிருந்து வலமாக 250, 500, 1000, 2000, 4000, 8000 என்று அதிர்வெண்கள். மேலிருந்து கீழாக, எவ்வளவு சத்தம் வைத்தால் காதுக்குத் தட்டுப்படுகிறது என்ற அளவு. அப்பாவுடைய கோடு 1000 வரை ஓரளவு சமமாகப் போய், அப்புறம் சரிந்து, 4000இல் குழியாக விழுந்து, 8000இல் கொஞ்சம் ஏறுகிறது. இரைச்சலால் போகிற காது இப்படித்தான் போகும். முதல் பள்ளம் 4000 பக்கத்தில் விழும்.

மென்பொருளில் ஈக்வலைசர் என்று ஒரு சாதனம் உண்டு. அதிலும் இடமிருந்து வலமாக இதே எண்கள்தான். ஒரு ஒலியின் எந்தப் பகுதியை ஏற்றுவது, எந்தப் பகுதியை இறக்குவது என்று ஒரு கோட்டை வளைக்கலாம். காது டெஸ்ட் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அப்பாவின் கோட்டை அப்படியே ஈக்வலைசரில் வரைந்தேன். ஹை-ஹாட் காணாமல் போனது. கைதட்டலின் கூர் மழுங்கியது. கிக்கும் பேஸும் மட்டும் போர்வைக்குள் இருந்து பேசுவது போல ஒலித்தன. அதன் வழியாக ஒரு செய்தி வாசிப்பை ஓடவிட்டேன். உயிரெழுத்துகள் வந்தன, மெய்யெழுத்துகள் நழுவின. ச, ஸ, த போன்றவற்றின் உரசலெல்லாம் மேல் அதிர்வெண்களில் இருக்கிறது. அப்பா ஏன் "என்ன?" என்று கேட்காமல் சும்மா சிரித்துத் தலையாட்டுகிறார் என்று அன்றைக்குப் புரிந்தது. அவருக்குச் சத்தம் கேட்கிறது. சொல்தான் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி இருக்கும்போது எத்தனை தடவைதான் "என்ன?" என்று கேட்பது?

காது நிஜத்தில் ஒரு ஈக்வலைசர் போல அவ்வளவு எளிமையானது இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதிர்வெண் என்ற பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்த வீடியோவும் இல்லை, அந்தத் தாள்தான். தொடங்குகிற எல்லோரும் தடுமாறுகிற ஒரு இடம் இது. பத்துக் கருவிகளை அடுக்கிவிட்டு ஏன் எல்லாம் சேறாகக் கேட்கிறது என்று முழிப்போம். காரணம் எளிது. எல்லாம் ஒரே இடத்தில் நின்று இடித்துக்கொள்கின்றன. கிக்கின் அடிவயிறு 50, 60 ஹெர்ட்ஸில் இருந்தால் பேஸ் அதற்குக் கொஞ்சம் மேலே நகர்ந்து உட்கார வேண்டும். ஆள் நெருங்கி உட்கார்ந்த பஸ் சீட் மாதிரி. ஒருவர் தள்ளி இடம் கொடுத்தால்தான் மற்றவர் உட்கார முடியும்.

*

அம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தச் சத்தத்தை அழகாக்கினால், அது செய்ததை மறைப்பதாக ஆகிவிடாதா? வார இறுதியில் யாரோ ஒருவர் ஹெட்போனில் கேட்டு "செம பீட்" என்று சொல்லிவிட்டுப் போவதற்கா அது? சில வாரம் பதிவுத் துண்டுகளைத் தொடாமல் வைத்திருந்தேன். அந்த நாட்களில் ஒலியை வெறுமையில் இருந்து உண்டாக்கிப் பழகினேன்.

எல்எம்எம்எஸ்ஸுடன் ட்ரிப்பிள் ஆசிலேட்டர் என்று ஒரு கருவி வருகிறது. அதில் அலைகளின் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கலாம். சைன் அலை வழவழப்பானது, அதில் அடிப்படை அதிர்வு மட்டும் இருக்கும், புல்லாங்குழலின் மெல்லிய ஊதல் மாதிரி. சதுர அலையில் மூன்று, ஐந்து, ஏழு மடங்கு அதிர்வுகளும் சேரும், உள்ளே குடைந்தது போல ஒலிக்கும். ரம்ப அலையில் இரண்டு, மூன்று, நான்கு என எல்லா மடங்கும் இருக்கும். பெயருக்கு ஏற்ற மாதிரி அறுக்கும். அதை ஃபில்டர் கொண்டு செதுக்கலாம். அப்புறம் என்வலப்: சத்தம் எவ்வளவு சீக்கிரம் எழும்புகிறது, எவ்வளவு சீக்கிரம் விழுகிறது, எங்கே தங்குகிறது, கையை எடுத்த பிறகு எவ்வளவு நேரம் தேய்கிறது. இரைச்சலை எடுத்து, சட்டென எழும்பி சட்டென அடங்கும் என்வலப் கொடுத்தால் 'டக்'. சைன் அலையை 200 ஹெர்ட்ஸில் தொடங்கி நொடியில் ஒரு சிறு பங்குக்குள் 50க்கு இறக்கினால் 'தும்'. நான் அறியாமலே மறுபடி தறியைத்தான் செய்துகொண்டிருந்தேன். இந்த முறை இரைச்சலையும் சைன் அலையையும் வைத்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடமே கேட்டேன். சத்தமாக, முகம் பார்த்து. "அப்பா, அந்தச் சத்தத்துல ஒரு தறி நின்னா எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?"

ஊடை அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். தாரில் நூல் தீர்ந்தாலும் அப்படித்தான். கூடத்தில் இருபத்து நான்கு தறி இரைந்துகொண்டிருக்கும். அதில் தன்னுடைய ஆறில் ஒன்று நின்றதை, முதுகு காட்டி நிற்கிற ஆள் எப்படித் தெரிந்துகொள்கிறார்?

அப்பா சொன்னார்: "ஓடறது எதும் கேக்காது சாமி. நின்னாத்தான் கேக்கும். பல்லு உழுந்த எடம் நாக்குக்குத் தெரியறாப்ல."

என் 41 கோப்புகளுக்கும் இதில் விடை இருந்தது. லூப்பில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் அதன் மேல் இன்னும் ஒரு கருவி, இன்னும் ஒரு கருவி என்று ஏற்றிக்கொண்டே போவோம். காது எதையும் நான்கு தடவை கேட்டதும் பழகிக் கைவிட்டுவிடும். எடுத்தால்தான் விழித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் அடுக்கி முடித்த எட்டு பாரை நீளமாக ஒட்டி வைத்துவிட்டு, அப்புறம் ஒவ்வொரு இடத்திலும் எதை நிறுத்துவது என்று அழித்துக்கொண்டே போவது ஒரு வழி. நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். கிக்கை ஒரே ஒரு பார் நிறுத்திவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து பாருங்கள். அது வருகிறபோது உடம்பு தானாக முன்னால் சாயும்.

*

இன்னொரு வழியையும் தறிக்கூடம் வைத்திருந்தது. எந்த இரண்டு தறியும் ஒரே வேகத்தில் ஓடாது. ஒன்று 132, பக்கத்தில் 133 என்றால் இரண்டும் மெல்ல விலகி, ஒன்றையொன்று துரத்தி, சரியாக ஒரு நிமிடத்தில் மறுபடி ஒன்றாக அடிக்கும். ஸ்டீவ் ரைக் 1965இல் ஒரே குரல் பதிவை இரண்டு டேப் இயந்திரங்களில் ஓடவிட்டு இந்த விலகலையே இசையாக்கினார். பிரையன் ஈனோ 1978இல் விமான நிலையங்களுக்கென்று செய்த இசைத்தட்டில் வெவ்வேறு நீளமுள்ள டேப் வளையங்களைச் சுழலவிட்டார். நீளங்கள் ஒத்துப்போகாததால் அவை சந்திக்கிற விதம் மாறிக்கொண்டே இருக்கும். குமாரபாளையத்துக்காரனுக்கு இது புதிதாகத் தெரிய நியாயமில்லை. பிறந்ததில் இருந்து கேட்டது அதைத்தான்.

நான் மூன்று வரிசை எடுத்தேன். தறியின் கனத்த இடி 16 கட்டம். நாடா 'டக்' 15 கட்டம். ரம்ப அலையில் செய்த ஒரு சின்ன மெட்டு 11 கட்டம். மூன்றும் ஒன்றாகத் தொடங்கி, உடனே விலக ஆரம்பிக்கும். திரும்ப மூன்றும் ஒரே புள்ளியில் சேர 16 பெருக்கல் 15 பெருக்கல் 11, அதாவது 2640 கட்டம் ஆக வேண்டும். ஒரு தட்டுக்கு நான்கு கட்டம், எனவே 660 தட்டு. நிமிடத்துக்கு 132 என்றால் சரியாக ஐந்து நிமிடம். கணக்குப் போட்ட பில் புத்தகத்தின் பின்பக்கத்தை நான் கிழிக்கவில்லை, இன்னும் வைத்திருக்கிறேன். பாட்டின் நீளத்தை நான் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. அதுவே சொல்லிவிட்டது.

மூன்று வாரம் ஆனது. 16ஐ 165 தடவை, 15ஐ 176 தடவை, 11ஐ 240 தடவை ஒட்டி, அதில் அங்கங்கே அறுத்தேன். ஊடை அறுகிற மாதிரி.

இரண்டு வடிவம் செய்து வைத்தேன். ஒன்று எல்லோருக்கும். இன்னொன்று அப்பாவுக்கு. அதில் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன், அவருக்குக் கேட்கிற இடத்தில் மட்டும் எல்லாம் தெளிவாக இருக்கட்டும் என்று. அவர் ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடமும் கேட்டார். திரையில் அதிர்வெண்கள் பச்சையாக எழும்பி விழுந்துகொண்டிருந்தன, இடது பக்கம் மட்டும். முடிந்ததும் வலது பக்கக் காலி இடத்தைக் காட்டிக் கேட்டார்.

"இங்க ஏன் ஒண்ணுமே இல்ல?"

"அது நாடா அடிக்கிற சத்தம் வர்ற எடங்கப்பா. உங்களுக்குக் கேக்காதுன்னு எடுத்துட்டேன்."

"எனக்குக் கேக்காட்டி என்ன சாமி. அது இருக்கோணுமல்ல."

அந்த இரண்டாவது வடிவத்தை வைத்துக்கொள்ளவில்லை. முழுசாக இருப்பதைத்தான் இப்போது அவரும் கேட்கிறார். அம்மா இன்னும் அதைக் கேட்கவில்லை. பாட்டு ஓடினால் வாசலுக்குப் போய்விடுவார். அவர் சொன்னதை நான் மறுக்கப் போவதும் இல்லை. அந்தச் சத்தத்துக்கு ஒருவர் காதைக் கொடுத்திருக்கிறார் என்பதைப் பாட்டுக்கு உள்ளேயே எங்காவது வைக்க வேண்டும் என்று தோன்றியது. அதனால் நான்காவது நிமிடத்தில் மேல் அதிர்வெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே போகின்றன. அப்பாவின் தாளில் இருக்கிற அதே கோட்டில். கேட்கிறவருக்குத் தன் காதில்தான் ஏதோ ஆகிவிட்டதோ என்று ஒரு நிமிடம் சந்தேகம் வரும். வரட்டும்.

தொடங்க நினைக்கிறவர்களுக்குச் சில சின்ன விஷயங்கள். ஹெட்போனைப் பாதி சத்தத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றி வைத்துவிட்டுத் தெருவைக் கேளுங்கள். செல்போன் ஸ்பீக்கரிலும் ஒருதடவை ஓட்டிப் பாருங்கள், பேஸ் காணாமல் போனால் அதற்கு மேலே கொஞ்சம் ரம்ப அலை சேருங்கள். உங்கள் ஊரில் ரைஸ் மில் இருக்கலாம், ஐஸ் ஃபேக்டரி இருக்கலாம், ரயில் பாலம் இருக்கலாம். அதன் வேகத்தை ஒரு நிமிடம் நின்று எண்ணுங்கள்.

அந்த ஐந்தாவது நிமிடத்தின் முடிவில் மூன்று வரிசையும் சந்திக்க ஒரு கட்டம் இருக்கும்போது பாட்டு நின்றுவிடும். 2640ஆவது கட்டம் காலி. 43ஆவது கோப்பைப் போன வாரம் திறந்தேன். வேகம் 140 என்று இருக்கிறது. இன்னும் மாற்றவில்லை.